விரலைச் சுற்றி ஒரு சாண் வானிலை

கேம்பல் லேனில் பூக்கட்டும் அக்கா ஒருவர், பிற்பகல் மூன்றரை மணிக்கு மல்லிகைச் சரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, வலக்கைக் கட்டைவிரலின் அடியை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "மழை வரப்போகுது தம்பி. சீக்கிரம் போய் ரயிலைப் பிடிங்க" என்றார். வானம் அப்போது வெளுத்துத்தான் கிடந்தது. நான் சிராங்கூன் சாலையைக் கடந்து தேக்கா சந்தையை எட்டுவதற்குள் பஃபலோ ரோடு முழுக்க நனைந்துவிட்டது. காய்கறிக் கடைகளின் நீலத் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் கயிறாக இறங்கியது. அந்தக் கட்டைவிரலுக்கு எப்படித் தெரிந்தது?

தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு விரலோ முழங்காலோ இருக்கும். நம் மொழியே அதை நம்புகிறது. மூட்டு நோவுக்கு நாம் வைத்த பெயர் வாதம். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது காற்று. உடலை ஆளும் மூன்றையும் எண்ண வந்த திருக்குறளின் மருந்து அதிகாரம், வளியைத்தான் முதலில் வைக்கிறது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் எழுதப்பட்ட நூலொன்றும், ஊருக்குப் புதிதாக வரும் மருத்துவன் முதலில் அங்கே வீசும் காற்றை விசாரிக்க வேண்டும் என்கிறது. இத்தனை பேர், இத்தனை காலம், இத்தனை தூரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அதைச் சட்டென்று மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதே சமயம், சிங்கப்பூரில் மழையை முன்கூட்டிச் சொல்வது அவ்வளவு பெரிய வித்தையும் அல்ல. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி இங்கே ஆண்டுக்கு 171 நாள் மழை பெய்கிறது. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு "இன்றைக்கு மழை" என்று சொல்பவர்கூட ஏறக்குறைய பாதி நாள் சரியாகவே சொல்லியிருப்பார்.

மீதிப் பாதி நாள்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். விரல் வலித்து மழையும் வந்த நாள் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. விரல் வலித்து வெயில் காய்ந்த நாளுக்குக் கதை கிடையாது. கதை இல்லாத நாள் நினைவில் தங்குவதில்லை. 1996-இல் டொனால்ட் ரெடெல்மையர் என்ற கனடிய மருத்துவரும் ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளரும் முடக்குவாத நோயாளிகள் 18 பேரை 15 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். வலியின் குறிப்புகளை உள்ளூர் வானிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது தொடர்பு எதுவும் தென்படவில்லை. பிறகு கல்லூரி மாணவர்களிடம், தற்செயலாக அமைந்த இரண்டு எண்வரிசைகளை, ஒன்று வலி, மற்றது வானிலை என்று சொல்லிக் காட்டினார்கள். இல்லாத உறவு அவர்களில் பலர் கண்ணுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் 2008 முதல் 2012 வரை மருத்துவரைப் பார்க்கச் சென்ற 1 கோடியே 16 லட்சம் வருகைகளை அலசி, 2017-இல் இன்னோர் ஆய்வு வந்தது. மழை நாளில் மூட்டுவலிக்காரர்கள் கூடுதலாக வரவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளும் எழுத்தாளர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மூட்டு வலிக்கிறது என்பதற்காக மழை நாளில் யார் பலதுறை மருந்தகத்துக்கு ஓடுகிறார்கள்? வீட்டில் தைலம் தடவிக்கொண்டு உட்காருகிறோம். மருத்துவமனை வருகைக் கணக்கு வலியின் கணக்கு ஆகாது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில் டிக்சன் தலைமையிலான குழு வேறு வழியில் போனது. நெடுநாள் வலியோடு வாழும் 2,658 பேர் தங்கள் கைப்பேசியில் அன்றாடம் வலியைப் பதிந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தின் வானிலையைக் கைப்பேசியின் இடங்காட்டி வழியே பொருத்திப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவு: ஈரப்பதம் கூடிய, காற்றழுத்தம் குறைந்த, பலத்த காற்று வீசும் நாள்களில் வலி சற்றுக் கூடுகிறது. சற்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண நாளில் 100-க்கு 5 பேருக்கு வலி அதிகரிக்கும் என்றால், ஈரமும் காற்றும் சேர்ந்த மோசமான நாளில் அது 6 பேர். அக்காவின் கட்டைவிரல் பொய் சொல்லவில்லை என்பதற்கு இது ஓரளவு ஆதரவு. ஆனால் அந்த ஆய்வு நடந்தது பிரிட்டனில். அந்த வானம் வேறு, நம் தலைக்கு மேலே இருக்கும் வானம் வேறு.

காற்றழுத்தத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் கைநீட்டுவது அதைத்தான். மூட்டு என்பது மூடிய பை. ஆரோக்கியமான மூட்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. 1836-இல் வில்ஹெல்ம் வேபர், எட்வர்ட் வேபர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள், தொடை எலும்பின் தலையை இடுப்புக் குழிக்குள் பிடித்துவைப்பதில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். வீங்கி நீர்கோத்த மூட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அப்போது வெளியழுத்தம் குறைந்தால் திசுக்கள் துளி விரிந்து வலிநரம்பைச் சீண்டும் என்பது கோட்பாடு. ஜப்பானில் ஜுன் சாத்தோவும் உடன் ஆய்ந்தவர்களும் எலிகளை ஓர் அறைக்குள் வைத்து அழுத்தத்தைக் குறைத்தபோது, ஏற்கெனவே வலியிருந்த எலிகளுக்கு வலி கூடியது. உள்காது சிதைக்கப்பட்ட எலிகளில் அந்த விளைவு காணப்படவில்லை. அழுத்தத்தை உணர்வது மூட்டா, காதா என்ற கேள்வியையே அது கிளப்பிவிட்டது. அவர்கள் குறைத்த அளவு சுமார் 27 ஹெக்டோபாஸ்கல். காற்றழுத்தத்தை வானிலை அறிக்கைகள் இந்த அலகில்தான் சொல்கின்றன. கடல் மட்டத்தில் அது 1,010-ஐ ஒட்டி இருக்கும்.

பிரிட்டனில் ஒரு புயற்சின்னம் கடந்துபோனால் ஓரிரு நாளில் 20, 30 ஹெக்டோபாஸ்கல் இறங்குவது உண்டு. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே. இங்கே காற்றழுத்தம் கடலைப் போல நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை அது. காலை 10, 11 மணிவாக்கில் உச்சம். மாலை 4, 5 மணிவாக்கில் தாழ்வு. இரவில் மறுபடியும் ஓர் ஏற்றம், விடியுமுன் மறுபடியும் ஓர் இறக்கம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல்தான். மழை வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஊசலாட்டம் நிற்காது.

இப்போது கேம்பல் லேன் மணி மூன்றரையை நினைத்துப் பாருங்கள். அழுத்தம் அன்றைய தாழ்வை நோக்கி இறங்கும் நேரம் அது. இந்தத் தீவில் வெயிலில் வெந்த நிலத்துக்கு மேலே இடிமேகம் திரண்டு கொட்டும் நேரமும் பெரும்பாலும் அதுவே. உண்மையிலேயே ஒரு மூட்டு இந்தச் சிறிய இறக்கத்தை உணருமானால், அது மழை நாள், மழையில்லா நாள் எல்லாவற்றிலும் மாலையில் வலிக்க வேண்டும். பாதி நாளில் மழை தானாகவே வந்து சாட்சி சொல்லிவிடும். இன்னொன்றும் உண்டு. இடிமழை நெருங்கும்போது மேகத்திலிருந்து குளிர்ந்த கனமான காற்று கீழே பாய்கிறது. அந்த வேளையில் அழுத்தம் இறங்காமல் சற்று ஏறவே செய்யும். சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரிசைகட்டி வரும் சூறைக்காற்று மழையும் அப்படித்தான். குளிர்நாடுகளில் பிறந்த "அழுத்தம் குறைந்தால் மழை" என்ற விதி நம் ஊர் மழைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல.

சந்தேகம் இருப்பவர்கள் மின்தூக்கியில் ஏறிப் பார்க்கலாம். எட்டரை மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். தேக்காவில் காய் வாங்கிக்கொண்டு தம் வீவக வீட்டின் பன்னிரண்டாம் மாடிக்குப் போகிறவர், ஒரு நாள் முழுக்க வானம் செய்யும் மாற்றத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார். 156 மீட்டர் உயரமுள்ள பினாக்கிள் அட் டக்ஸ்டன் கட்டடத்தின் ஐம்பதாம் மாடிக்குப் போனால் சுமார் 18. சென்னைக்கோ திருச்சிக்கோ பறக்கும் விமானத்துக்குள் அழுத்தம் தரையில் உள்ளதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. நான்கு மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம். விமானத்தில் விரல் வலியால் துடித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. முழங்கால் மடங்கிக் கிடந்த வலியைச் சொல்பவர்களே அதிகம். அழுத்தக் கோட்பாடு தவறு என்று இதனால் தீர்ப்பாகிவிடாது. மெல்ல வரும் மாற்றமும் திடீர் மாற்றமும் உடலுக்கு ஒன்றல்ல. ஆனால் சிங்கப்பூர் விரல்களின் வலிக்கு வானத்தின் அழுத்தத்தை முதல் குற்றவாளியாக நிறுத்த என்னால் முடியவில்லை.

மறுவாரம் விடியற்காலையில் அந்தக் கடைக்குப் போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. விமானத்தில் வந்து இறங்கிய மல்லிகை மொட்டுகள் வாடாமல் இருக்க, ஐஸ் போட்ட வெள்ளைப் பெட்டியில் கிடந்தன. அக்கா அதற்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஈரத்தோடு மடியில் பரப்பி, நாரில் கட்டினார். மறுபடி பெட்டி, மறுபடி மடி. வெளியே 26 பாகை. விரல்கள் இருந்த இடத்தில் என்ன குளிரோ, அளந்துபார்க்க என்னிடம் கருவி இல்லை. என் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன்; சில நொடிகளில் எடுத்துவிட்டேன். அவர் இப்படி இருபத்தைந்து வருடமாகச் செய்கிறார்.

வானிலை என்று நாம் பேசுவது சாங்கியில் அளப்பது. விரல் வாழ்வது தன்னைச் சுற்றியுள்ள ஒரு சாண் வானிலையில். உடம்பின் நடுவே 37 பாகை நிலையாக இருக்கிறது; விரலுக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் எலும்பைச் சுற்றித் தசை கிடையாது. தோல், தசைநாண், மெல்லிய கொழுப்பு அவ்வளவே. குளிர்ந்தால் உடம்பு முதலில் விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வெப்பத்தைச் சேமிக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர் குளிரில் கெட்டிப்படுகிறது, ஆறிய கஞ்சியைப் போல. வெர்னா ரைட், ரிச்சர்ட் ஜான்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1960-ஐ ஒட்டி விரல் மூட்டின் விறைப்பைக் கருவி வைத்து அளந்தார்கள். 33 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்றியபோது விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வெந்நீரில் கையை நனைத்தால் இதமாக இருக்கிறது என்று பாட்டி சொன்னதற்கு எண் கிடைத்தது அப்போதுதான்.

இந்த ஊரில் ஐஸ் பெட்டி இல்லாதவர்களுக்கும் ஏர்கோன் இருக்கிறது. சிங்கப்பூரை உருவாக்கிய கண்டுபிடிப்பு குளிரூட்டிதான் என்று லீ குவான் யூ கருதினார். 32 பாகை வெயிலில் நடந்து ரயிலில் ஏறி, அலுவலகத்தில் குளிர்க்காற்று நேராகப் படும் மேசையில் எட்டு மணி நேரம் விசைப்பலகை தட்டுகிறவரின் விரல், ஒரே நாளில் லண்டனின் கோடையையும் இலையுதிர்காலத்தையும் பலமுறை கடக்கிறது. விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும் ரேனோ என்ற கோளாறு உள்ளவர்களுக்கு நிலநடுக்கோட்டில் குளிர்காலத்தைக் கொண்டுவந்து தருவது இந்த அறைகள்தான். நம் சட்டைப்பையில் இருக்கும் மருந்தும் குளிரை வைத்தே விளையாடுகிறது. 1928-இல் இங்கே தொடங்கி, ஊருக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் இடம்பிடித்த கோடாலித் தைலத்தில் மெந்தால் இருக்கிறது. குளிரை உணரும் நரம்பில் உள்ள ஒரு புரதக் கதவை மெந்தால் திறக்கிறது என்று 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் விதத்தைக் கண்டதற்காக 2021-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. தைலம் மூட்டைக் குளிர்விப்பதில்லை. குளிர்ந்ததாக நரம்பை எண்ணவைத்து, வலியின் சேதியை மங்கச் செய்கிறது.

ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மான்செஸ்டர் ஆய்வில் அதன் பங்கு பெரிது. இங்கே விடியற்காலையில் அது பெரும்பாலும் 90 சதவீதத்தைத் தாண்டும், மதியத்தில் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கும். கூடுவதும் குறைவதும் பருவத்தைவிட மணியைப் பொறுத்தது. அதனால் "ஈரமான காலையில் விரல் மடங்கவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். காலையில் வேறொன்றும் நடக்கிறது. அழற்சியை அடக்கும் கார்டிசால் சுரப்பு நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருந்து, விடியலில்தான் ஏறுகிறது. முடக்குவாதத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அதே பின்னிரவில் உச்சம் தொடுகின்றன. விரல் விறைப்பது வெளியே இருக்கும் ஈரத்தாலா, உள்ளே ஓடும் கடிகாரத்தாலா?

இந்தக் கேள்வியை என் பெரியம்மாவுக்காக யாரும் கேட்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் அவரால் காப்பிக் குவளையைப் பிடிக்க முடியாது. இரண்டு கைகளிலும், விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள் வீங்கியிருந்தன. மழைக்காலம் என்றார், பிறகு ஏர்கோன் என்றார், நாங்களும் தலையாட்டினோம். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. மருத்துவர் முடக்குவாதம் என்று சொன்னபோது விரல்கள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. முடக்குவாதத்தில் எலும்பு அரிக்கப்படுவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே. அந்தக் காலத்தில் தொடங்கும் மருந்துதான் விரலைக் காப்பாற்றுகிறது. வயதாகித் தேயும் மூட்டு வேறு மாதிரி. அது விரல் நுனியை ஒட்டிய மூட்டையும் கட்டைவிரலின் அடியையும் தேடிப் பிடிக்கும். காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். நுனி மூட்டில் வரும் கெட்டி முடிச்சுகள் அவற்றை விவரித்த 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் ஹெபர்டனின் பெயரை இன்றும் சுமக்கின்றன. பூக்கட்டும் அக்காவுக்கு இந்த வகை என்றே அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கையிலும் முட்டி வீக்கம், ஆறு வாரமாகியும் தணியவில்லை என்றால் வானத்தைப் பார்க்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இதை என் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

வானிலை நம் விரல் மூட்டைத் தொடுவதற்கு இன்னொரு பாதை இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதன் தடயம் கேம்பல் லேனிலிருந்து சில நிமிட நடையில், கிளைவ் ஸ்திரீட்டில் இருக்கிறது.

2008 ஜனவரி நடுவில் சிங்கப்பூரின் சுகாதார அதிகாரிகள் இந்த நாட்டுக்குள்ளேயே தொற்றிய முதல் சிக்குன்குனியா நோயாளியைக் கண்டறிந்தார்கள். கிளைவ் ஸ்திரீட் வட்டாரம். அதற்குமுன் வந்தவர்கள் வெளியூரில் தொற்றி வந்தவர்கள். இப்போதோ கிருமி இங்கேயுள்ள கொசுவுக்குள் புகுந்துவிட்டது. அதிகாரிகள் அக்கம்பக்கத்தில் இரத்தம் சோதித்தார்கள், கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடி அழித்தார்கள், நோய் உறுதியானவர்களை இரத்தத்தில் கிருமி மறையும்வரை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அந்த முதல் பரவலில் 13 பேர். அது அடங்கியது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி மறுபடி கிருமி உள்ளே வந்தது. ஆண்டு முடிவதற்குள் 700-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது. முதலில் வீட்டுக் கொசுவான ஏடிஸ் எகிப்தி பரப்பியது. பிற்பாடு வந்த கிருமி வகையில் ஒரு புரதத்தின் ஒரே ஓர் இடத்தில் மாற்றம் நேர்ந்திருந்தது. தோட்டங்களில் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற வரிக்கொசுவுக்குள் நன்றாகப் பெருக அந்த மாற்றம் உதவியது.

சிக்குன்குனியா என்ற பெயரே மூட்டு படும் பாட்டைத்தான் சொல்கிறது. 1952-இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்நோய் பரவியபோது, மக்கொண்டே மொழி பேசியவர்கள் உடல் மடங்கிப்போவதைக் குறித்து வைத்த சொல் அது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வலிக்கும். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். முடக்குவாதம் என்று மருத்துவர்களே மயங்கும் அளவுக்கு. 2006-இல் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டில் தெருத்தெருவாக மக்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த வருடம் அது. கட்டட வேலைக்குப் போகும் ஒருவருக்கு விரல் மடங்காமல் போவதன் அர்த்தத்தை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இங்கே வானிலையின் கை நேரடியாகத் தெரிகிறது. ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தே மாதக்கணக்கில் காத்திருக்கும். மழைநீர் ஏறித் தொட்டதும் பொரியும். வெப்பம் கூடினால் புழு விரைவாகக் கொசுவாகும், கிருமியும் கொசுவின் உடலுக்குள் விரைவாகப் பெருகி எச்சிலை அடையும். பெருமழை சில சமயம் புழுக்களை அடித்துக்கொண்டு போவதும் உண்டு. விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் இடையிடையே வெயிலும்தான் அவற்றுக்கு உகந்த பருவம். சிங்கப்பூரில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் பூச்சாடித் தட்டையும் கூரைத் தகரத்தின் மடிப்பையும் கைவிளக்கோடு எட்டிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் மறுபடி கேம்பல் லேன் பக்கம் போயிருந்தேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் இருந்தது. ஒவ்வொரு பிடி மொட்டு எடுத்ததும் அக்கா அதில் நனைத்த துணியில் விரலைச் சுற்றி வைத்துக்கொண்டு, அதன்பிறகே நாரை எடுத்தார். "மழை வருமா அக்கா?" என்று கேட்டேன். கட்டைவிரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையே தம்பி" என்றார். கால்மணி நேரத்தில் மழை கொட்டியது. விட்டதும் எழுந்துபோய், ஐந்தடிக்கு வெளியே வைத்திருந்த துளசிச் சாடியின் அடித்தட்டை இரண்டு கையாலும் தூக்கி, தேங்கிய தண்ணீரைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.